வேனின் உட்துணியில் நீர்க்கறை: கழுவுமுன் கவனிக்க வேண்டியவை

பதுளையில் வியாபாரம் செய்பவருக்கு வேன் என்பது கடையின் இன்னொரு பகுதி. சம்பள நாட்களில் பசறை, லுணுகலை, நமுனுகுல பக்கத் தோட்டங்களுக்குத் துணிமணி ஏற்றிச் செல்வதும், வெலிமடையிலிருந்து மரக்கறி கொண்டுவருவதும், கல்யாண வீட்டுக்குக் குடும்பத்தோடு போவதும் பெரும்பாலும் ஒரே வேனில்தான்.

ஒக்டோபரில் மழை பிடித்தால் ஜனவரி வரை விடாத ஊர் இது. அந்த மழையில் எங்கோ ஓர் இடத்தால் நீர் கசிந்து, கூரையின் உட்பக்கத் துணியில் தேநீர் சிந்தியதுபோல் பழுப்பு வளையம் தோன்றும். அநேகர் உடனே ஈரத்துணியில் சவர்க்காரம் போட்டுத் தேய்ப்பார்கள். காய்ந்த பிறகு பார்த்தால் கறை போயிருக்காது, முன்னையதைவிடப் பெரிய வளையமாகியிருக்கும்.

இதைச் சிறிய விடயமென்று விட்டுவிட முடியாது. 2020 மார்ச்சில் நிறுத்தப்பட்ட வாகன இறக்குமதி 2025 பெப்ரவரியில் மீண்டும் அனுமதிக்கப்பட்டபோதும், வரிகளின் காரணமாக விலைகள் உயர்ந்தே இருந்தன. கையிலுள்ள பழைய வேன்தான் பலருக்குப் பெரிய முதல். வாங்க வருபவர் கூரைத் துணியில் கறையைக் கண்டால், துணியின் விலையை மட்டும் கழிக்கமாட்டார். உள்ளே தகரம் துருப்பிடித்திருக்கும் என்று கணக்குப் போட்டு விலை கேட்பார்.

கறை எப்படி உண்டாகிறது?

சுத்தமான தண்ணீருக்கு நிறமில்லை. நாம் காணும் பழுப்பு, தண்ணீர் சுமந்து வந்த அழுக்கு. மேசையில் சிந்திய தேநீர்த் துளி காய்ந்தால் நடுப்பகுதி வெளிறி, ஓரம் கறுத்திருப்பதைப் பார்த்திருப்பீர்கள். துளியின் ஓரம் விரைவாகக் காய்வதால் நடுவிலுள்ள நீர் ஓரத்தை நோக்கி ஓடி, துகள்களை அங்கே கொண்டுபோய்ச் சேர்க்கிறது. 1997ஆம் ஆண்டு சிக்காகோ பல்கலைக்கழக ஆய்வாளர்கள் இதை விளக்கி 'நேச்சர்' சஞ்சிகையில் எழுதினார்கள்.

துணியிலும் ஏறத்தாழ இதுவே நடக்கிறது. நீர் இழைகளின் வழியே பரவி, நின்ற இடத்தில் காய்கிறது. தூசு, துரு, பழைய பசை, ஸ்பொஞ்சின் கழிவு எல்லாம் அந்த ஓரத்தில் தங்கிவிடுகின்றன. கறையுள்ள இடத்தை மட்டும் நனைத்தால் புதிய ஓரம் ஒன்றை நாமே உண்டாக்குகிறோம்.

கரையோர ஊர்களில் படகின் உள்ளறைத் துணிக்கும் இதே நோய்தான். அங்கே உப்பும் சேர்வதால் துணி எப்போதும் ஈரத்தை இழுத்துக்கொண்டிருக்கும். அதனால் முதலில் நல்ல தண்ணீரால் உப்பைப் போக்க வேண்டும். மலைநாட்டில் நமக்கு அந்தத் தொல்லை இல்லை.

முதலில் ஒழுக்கை நிறுத்துங்கள்

ஒழுகும் இடத்தை அடைக்காமல் கறையைக் கழுவுவது வீண்வேலை. ஒருவர் டோர்ச்சுடன் உள்ளே இருக்க, மற்றவர் வெளியிலிருந்து குழாயால் மெதுவாக நீர் விட வேண்டும். கீழிருந்து தொடங்கி மேலே போங்கள். முன்கண்ணாடியின் ரப்பர், கூரையில் சாமான் கட்டும் கம்பிகளின் ஆணிகள், மழைநீர் ஓடும் ஓரத் தகரம், கதவு ரப்பர் ஆகியவை வழக்கமான குற்றவாளிகள். நீர் தகரத்தின் வழியே ஓடிவந்து வேறோர் இடத்தில் சொட்டும் என்பதால், கறைக்கு நேர் மேலேதான் ஓட்டை என்று முடிவு செய்யாதீர்கள்.

எங்கும் ஒழுகவில்லையென்றால் ஏற்றும் சாமானைக் கவனியுங்கள். ஈர மரக்கறியை ஏற்றி வேனை இரவில் மூடி வைத்தால், குளிர்ந்த கூரைத் தகரம் உள்ளே வியர்த்துத் துணியை நனைக்கும்.

சுத்தம் செய்யும் முறை

1. கதவுகளைத் திறந்து, மின்விசிறி வைத்து முழுமையாகக் காயவிடுங்கள். ஈரம் ஓரிரு நாள் தங்கினாலே பூஞ்சணம் பிடிக்கத் தொடங்கும். காய்ந்தபின் மென்மையான தூரிகையால் தூசியை அகற்றுங்கள்.

2. நிறமற்ற பாத்திரம் கழுவும் திரவத்தில் ஒரு தேக்கரண்டியை ஒரு லீற்றர் தண்ணீரில் கலக்குங்கள். தண்ணீரிலுள்ள உப்பே புதிய கறையாகலாம். எனவே பற்றரிக்கு ஊற்றும் காய்ச்சி வடித்த நீர் நல்லது. போத்தலில் இருப்பது தண்ணீர்தானா, அசிட்டா என்பதை உறுதி செய்துகொள்ளுங்கள்.

3. கண்ணுக்குத் தெரியாத மூலையில் சோதித்துப் பாருங்கள். நிறம் போகாவிட்டால் மட்டும் தொடருங்கள்.

4. வெள்ளைப் பருத்தித் துணியில் நுரையை மட்டும் எடுத்து, கறையின் வெளியிலிருந்து உள்நோக்கி ஒற்றி எடுங்கள். தேய்க்க வேண்டாம்.

5. பிறகு ஸ்ப்ரே போத்தலால் ஒரு தையலிலிருந்து அடுத்த தையல்வரை முழுத் துண்டையும் சீராக, இலேசாக ஈரமாக்குங்கள். இதுதான் முக்கியமான படி. முழுத் துண்டும் ஒரேயளவு ஈரமாகி ஒரேநேரத்தில் காய்ந்தால் நடுவில் வளையம் உருவாக இடமில்லை. உலர்ந்த துணியால் ஒற்றி, விசிறிக் காற்றில் விரைவாகக் காயவிடுங்கள்.

பழுப்பு மீந்திருந்தால் ஒரு பங்கு வெள்ளை வினாகிரிக்கு இரு பங்கு தண்ணீர் சேர்த்து இதே முறையில் செய்யலாம். நிறமுள்ள தென்னை வினாகிரி வேண்டாம். ஆணியைச் சுற்றிய துருக்கறைக்குத் தண்ணீர் கலந்த தேசிக்காய்ச் சாறு உதவும். சில நிமிடங்களில் நன்றாக நீரால் ஒற்றி எடுத்துவிட வேண்டும்.

செய்யக் கூடாதவை

துருக்கறைக்குக் குளோரின் வெளுப்புத் திரவம் போட்டால் கறை இன்னும் ஊன்றிவிடும். அதை வினாகிரியுடனோ தேசிக்காயுடனோ ஒருபோதும் கலக்காதீர்கள். நச்சு வாயு கிளம்பும், மூடிய வேனுக்குள் அது உயிருக்கே ஆபத்து.

துணியைச் சொட்டச் சொட்ட நனைக்கவும் கூடாது. பின்னாலுள்ள ஸ்பொஞ்சும் பசையும் விட்டுத் துணி தொங்கிவிடும். விரலால் அழுத்தும்போது உள்ளே பொடிவது தெரிந்தால் ஸ்பொஞ்ச் ஏற்கனவே உக்கிவிட்டது. அதைக் கழுவிப் பயனில்லை. குஷன் கடையில் கொடுத்துப் புதிதாக ஒட்டுவதே மலிவு.

வாங்கும்போதும் விற்கும்போதும்

2025 நவம்பர் இறுதியில் டித்வா சூறாவளி பதுளை மாவட்டத்தையும் நாட்டின் பல பகுதிகளையும் வெள்ளத்தாலும் மண்சரிவாலும் தாக்கியது. பழைய வாகனம் வாங்குவோர் அதன் பிறகு கூடுதல் கவனம் எடுக்க வேண்டியிருக்கிறது. கூரை ஒழுக்கின் கறை மேலே வளையமாக இருக்கும். வெள்ளத்தில் நின்ற வாகனத்தின் கறை ஆசனத்திலும் கதவுத் துணியிலும் ஒரே மட்டத்தில் கோடாகத் தெரியும். ஆசனப் பட்டியைக் கடைசிவரை இழுத்துப் பாருங்கள். அடியில் சேற்றுக்கறை இருந்தால் வெளித்தோற்றத்தை நம்ப வேண்டாம், மின்கம்பிகளைக் காட்டிச் சோதித்த பிறகே விலை பேசுங்கள்.

வெள்ளநீரில் மலக்கழிவும் எலிக்காய்ச்சல் கிருமியும் இருக்கலாம். அதில் ஊறிய ஸ்பொஞ்சைக் கையுறை போட்டு அகற்றி எறிந்துவிடுவதே நல்லது.

விற்பவருக்கும் ஒரு வார்த்தை. கூரைக் கறையை எடுத்து வாகனத்தை அழகாக்குவதில் தவறில்லை. ஆனால் எங்கே ஒழுகியது, எப்படி அடைத்தோம் என்பதை வாங்குபவரிடம் சொல்லிவிட வேண்டும். வெள்ளத்தில் நின்றதென்றால் அதைக் கட்டாயம் சொல்ல வேண்டும். குறையை மறைத்து விற்பது நமக்கு ஆகுமான வியாபாரமல்ல. பதுளை சிறிய ஊர். வேனில் மறைத்தது நாளை கடையின் பெயரில் கறையாக வந்து நிற்கும்.