ஹெட்போன் அடிக்கடி கெட்டுப் போகிறதா? ஆம்ப்ளிஃபையரை முதலில் செக் பண்ணுங்க!

ஆசைப்பட்டு வாங்கிய ஹெட்போன். ஒருநாள் இடது பக்கம் மட்டும் கரகரவென்று கேட்கிறது. அடுத்த சில நாட்களில் அந்தப் பக்கம் கப்சிப். ‘சரக்கு சரியில்லை போல’ என்று புதிது வாங்கி, அதே ஆம்ப்ளிஃபையரில் செருகினால் அதுவும் அதே இடது பக்கத்தில் காலி!

இப்படி நடந்தால் சந்தேகப்பட வேண்டியது ஹெட்போனை அல்ல, ஆம்ப்ளிஃபையரை. அதன் அவுட்புட்டில் ‘டிசி ஆஃப்செட்’ என்ற கோளாறு இருக்கலாம். இதில் சிக்கலே, இது காதுக்குக் கேட்காது என்பதுதான்.

அது என்ன டிசி ஆஃப்செட்?

வீட்டு பிளக்கில் வருவது ஏசி, பேட்டரியில் வருவது டிசி. இது பள்ளியில் படித்ததுதான். ஹெட்போனுக்குப் போகும் பாட்டும் ஒரு வகையில் ஏசிதான். மின்னழுத்தம் பிளஸ், மைனஸ் என்று மாறி மாறி வரும். ஹெட்போனுக்குள் காந்தத்தின் நடுவே இருக்கும் மெல்லிய காயில் அதற்கேற்ப முன்னும் பின்னும் அசையும். காயிலோடு ஒட்டிய சவ்வு அதிரும். நமக்குப் பாட்டு கேட்கும்.

பாட்டே ஓடாதபோது ஆம்ப்ளிஃபையரின் அவுட்புட் பூஜ்ஜியம் வோல்ட்டில் இருக்க வேண்டும். அப்படி இல்லாமல் தொடர்ந்து ஒரே பக்கமாக மின்னழுத்தம் வந்துகொண்டே இருந்தால் அதுதான் டிசி ஆஃப்செட். காயில் ஒரு பக்கமாகத் தள்ளப்பட்டு அங்கேயே நிற்கும். அசைவு இல்லை, அதனால் சத்தமும் இல்லை. ஆனால் காயில் சூடாகிக்கொண்டே இருக்கும்.

எவ்வளவு வந்தால் ஆபத்து?

32 ஓம் ஹெட்போன் ஒன்றை எடுத்துக்கொள்வோம். 50 மில்லிவோல்ட் டிசி வந்தால் காயிலில் சேரும் சக்தி 0.1 மில்லிவாட்டுக்கும் குறைவு. பயப்பட ஒன்றுமில்லை. அதுவே 5 வோல்ட் வந்தால் சுமார் 780 மில்லிவாட். பல ஹெட்போன்கள் நன்றாகச் சத்தமாகப் பாடவே சில மில்லிவாட் போதும். அப்படியிருக்க, இவ்வளவு சக்தி இடைவிடாமல் இறங்கினால் தலைமுடி போன்ற அந்தக் கம்பி என்ன ஆகும்? கருகிவிடும்.

ஏன் வருகிறது?

பல ஆம்ப்ளிஃபையர்களில் பிளஸ் 12, மைனஸ் 12 வோல்ட் என்று இரண்டு சப்ளை இருக்கும். கயிறு இழுக்கும் போட்டி மாதிரி, இரண்டு பக்கமும் சமமாக இழுக்கும்வரை நடுவில் பூஜ்ஜியம். ஒரு பக்கம் கையை விட்டால்? மொத்தமும் மறுபக்கம் சாயும். ஒரு சப்ளை செத்துப்போனாலோ, அவுட்புட் டிரான்சிஸ்டர் ஷார்ட் ஆனாலோ இதுதான் நடக்கும்.

வேறு சில ஆம்ப்ளிஃபையர்களில் டிசியைத் தடுக்க அவுட்புட்டில் கபாசிட்டர் வைத்திருப்பார்கள். அது பழசாகிக் கசிந்தாலும் சிக்கல். வால்வ் வகைகளில் உள்ளே 100 வோல்ட்டுக்கு மேல் ஓடும் என்பதால் கூடுதல் கவனம் தேவை.

நல்ல வடிவமைப்பில் இதற்குப் பாதுகாப்பு இருக்கும். 2011-ல் வெளியான ‘ஓ2’ என்ற ஆம்ப்ளிஃபையர் இரண்டு 9 வோல்ட் பேட்டரியில் ஓடக்கூடியது. ஏதாவது ஒரு பேட்டரி இறங்கினாலும் இரண்டு சப்ளையையும் சேர்த்தே துண்டிக்கும் சர்க்யூட் அதில் உண்டு. வேறு பல மாடல்களில் ரிலே இருக்கும். ஆன் செய்து சில விநாடி கழித்து ‘கிளிக்’ என்று கேட்கிறதே, அதுதான்.

வீட்டிலேயே சோதிப்பது எப்படி?

சில நூறு ரூபாய் மல்டிமீட்டரும், 3.5 எம்எம் பின்னிலிருந்து சிவப்பு, வெள்ளை ஆர்சிஏ பின்னாகப் பிரியும் கேபிளும் போதும்.

1. ஹெட்போனைக் கழற்றிவிடுங்கள். வால்யூமைக் குறைத்து, ஆம்ப்ளிஃபையரை ஆன் செய்து 15 நிமிடம் விடுங்கள்.

2. மீட்டரை டிசி வோல்ட்டில் வையுங்கள். முதலில் 20 வோல்ட் ரேஞ்ச், அளவு குறைவாக இருந்தால் 200 மில்லிவோல்ட்.

3. கேபிளைச் செருகி, ஆர்சிஏ பின்னின் நடு முனையில் சிவப்பு புரோப், வெளி வளையத்தில் கறுப்பு புரோப் வையுங்கள். இரண்டு பக்கமும் தனித்தனியாக அளக்க வேண்டும்.

4. பிறகு போனையோ டாக்கையோ இணைத்து, பாட்டை பாஸ் செய்துவிட்டு, வழக்கமான வால்யூமில் மீண்டும் அளவுங்கள். இப்போது மட்டும் அளவு ஏறினால் டிசி அங்கிருந்து வருகிறது என்று அர்த்தம்.

20 மில்லிவோல்ட்டுக்குக் கீழே இருந்தால் நிம்மதி. 50 வரை பொதுவாக ஏற்றுக்கொள்ளப்படுகிறது. நூற்றுக்கணக்கில் காட்டினால் ஹெட்போனை அதில் செருகவே வேண்டாம். நேராக மெக்கானிக்கிடம் கொடுங்கள்.

யார் கவனிக்க வேண்டும்?

ப்ளூடூத் இயர்பட்ஸ் வைத்திருப்பவர்களுக்கு இந்தக் கவலை இல்லை. ஆம்ப்ளிஃபையர் அதற்குள்ளேயே இருக்கிறது. செகண்ட் ஹேண்ட் ஆம்ப்ளிஃபையர் வாங்குபவர்கள், கிட் வாங்கிச் சொந்தமாக அசெம்பிள் செய்பவர்கள், பழைய செட்டைத் தூசு தட்டி எடுப்பவர்கள் கட்டாயம் ஒருமுறை அளக்க வேண்டும்.

மீட்டர் இல்லையா? ஹெட்போனைச் செருகும்போது ‘தொப்’ என்று பெரிய சத்தம் வருவது, ஒரு பக்கம் மட்டும் ஒலி குறைவது, லேசான கருகல் வாடை — இவையெல்லாம் எச்சரிக்கை மணி. உடனே கழற்றிவிடுங்கள்.

தினசரிப் பழக்கம் ஒன்றும் உதவும். ஆம்ப்ளிஃபையரை முதலில் ஆன் செய்து, சில விநாடி பொறுத்து ஹெட்போனைச் செருகுங்கள். அணைப்பதற்கு முன் கழற்றிவிடுங்கள். புதிதாக வந்த ஆம்ப்ளிஃபையரில் முதலில் விலை குறைந்த இயர்போனைச் செருகிப் பாருங்கள், காதில் வைக்காமல்!

கெட்டுப்போன ஹெட்போனுக்கு மாற்று வாங்கக் கடைக்குக் கிளம்பும் முன், ஆம்ப்ளிஃபையரை அளக்க ஒரு அரை மணி நேரம் ஒதுக்குங்கள். இல்லையென்றால் அடுத்த ஹெட்போனுக்கும் அதே கதிதான்.