டிராக்டர் யந்திரக் குளிர்நீர்: கடை மார்க்கும் கம்பெனி மார்க்கும்

சேற்றுழவு நடக்கும் காலத்தில் டிராக்டர் இரண்டு நாள் நின்றுபோனால் நாற்று முற்றிவிடும், ஆட்கூலியும் வீணாகும். அவ்வாறு நிற்பதற்குரிய காரணங்களில் யந்திரம் மிதமிஞ்சிச் சூடேறுதல் முக்கியமானதொன்று. அதைத் தடுக்க ரேடியேட்டரில் ஊற்றும் கூலன்ட் என்னும் குளிர்நீரை வாங்குவதற்காக லால்குடி, மணப்பாறை முதலிய தாலுக்காக்களிலிருந்து திருச்சிராப்பள்ளிக்கு வரும் விவசாயிகள், மன்னார்புரம் போன்ற இடங்களிலுள்ள மோட்டார் சாமான் கடைகளில் இருவகைச் சரக்கைக் காணலாம். ஒன்று பெயர்பெற்ற கம்பெனியின் மார்க்கு. மற்றது விற்பனையாளர் தம் சொந்தப் பெயரிட்டு விற்கும் மலிவான மார்க்கு. இரண்டின் டின்களிலும் ‘நீடித்த ஆயுள்’ என்றே எழுதியிருக்கும். இவற்றுள் எதை வாங்குவது நலம் என்பதை இங்கு ஆராய்வோம்.

குளிர்நீரின் வேலை

இருவகையிலும் பெரும்பாலும் மூலப்பொருள் எதிலீன் கிளைக்கால் என்ற திரவமே. அமெரிக்காவில் 1927-ல் இது ‘பிரஸ்டோன்’ என்ற மார்க்கில் மோட்டார் வண்டிகளுக்காக விற்பனைக்கு வந்தது. அங்கே ரேடியேட்டர் ஜலம் பனியில் உறையாதிருப்பதே அதன் பிரதான உபயோகம். திருச்சி ஜில்லாவில் அந்தக் கவலை இல்லை. இங்கு நமக்கு வேண்டியவை இரண்டு. சம பாகம் நீர் கலந்த கிளைக்கால் சுமார் 108 டிகிரி சென்டிகிரேடில்தான் கொதிக்கும். ஆகையால் கோடை உழவில் எளிதில் பொங்காது. இரண்டாவதாக, அதனுடன் சேர்க்கும் துருத்தடுப்பு மருந்துகள் ரேடியேட்டர், வாட்டர் பம்ப், லைனர் ஆகியவற்றை அரிப்பிலிருந்து காக்கும்.

பழைய வகையில் சிலிகேட் முதலிய உப்புக்கள் இம்மருந்தாகச் சேர்க்கப்பட்டன. அவை சீக்கிரம் செலவாகிவிடுவதால் ஏறக்குறைய இரண்டு வருஷத்தில் நீரை மாற்ற வேண்டியிருந்தது. 1990-களில் பரவிய நீடித்த ஆயுள் வகையில் கரிம அமிலங்களின் உப்புக்கள் உள்ளன. இவை மெதுவாகவே செலவாவதால் ஐந்து வருஷம் வரையில் உழைக்கக் கூடும். ஆகவே ஆயுளைத் தீர்மானிப்பது மருந்தேயன்றி மார்க்கன்று.

லேபிளில் பார்க்கவேண்டியவை

நிறத்தை நம்பலாகாது. பச்சை, சிவப்பு, நீலம் எல்லாம் சாயமே. ஒவ்வொரு கம்பெனியும் தன் இஷ்டப்படி சேர்க்கின்றது. இந்தியத் தரமாகிய ஐ.எஸ். 5759-க்கு இணங்கியதா, டிராக்டர் கையேட்டில் கூறியுள்ள வகையைச் சேர்ந்ததா, மாற்றவேண்டிய காலம் எத்தனை மணி அல்லது வருஷம், செறிவுச் சரக்கா அல்லது நீர் கலந்து தயாரானதா என்பவற்றையே கவனிக்க வேண்டும். டீசல் யந்திரங்களின் ஈர லைனர்களில் நுண்குழிகள் விழுவதுண்டு. ஆதலால் கார்களுக்கு மட்டுமே ஏற்றதென்று குறிக்கப்பட்ட சரக்கு டிராக்டருக்குப் போதாது.

வெறும் சாயத் தண்ணீரைக் கண்டுபிடிக்க எளிய வழியொன்றுண்டு. சம பாகம் கலந்து தயாரான குளிர்நீர் ஒரு லிட்டர், அதே பாத்திரத்தில் நிறைத்த தண்ணீரைவிடச் சுமார் 60 முதல் 70 கிராம் அதிகம் நிறுக்கும். எடையில் வித்தியாசமே இல்லையெனில் அதை வாங்கலாகாது. எடை சரியாயிருப்பது மட்டும் நல்ல சரக்கென்பதற்குப் போதிய அத்தாட்சியாகாது.

விலைக் கணக்கு

உதாரணமாக, லிட்டர் 400 ரூபாய் விலையுள்ள செறிவுச் சரக்கில் சம பாகம் நீர் சேர்த்தால் லிட்டருக்கு 200 ரூபாயும் நீரின் விலையுமே ஆகும். 250 ரூபாய்த் தயார்ச் சரக்கைவிட இது மலிவு. மேலும், 10 லிட்டர் கொள்ளும் டிராக்டருக்குக் கம்பெனி மார்க்கு லிட்டர் 300 ரூபாயும், கடை மார்க்கு 200 ரூபாயும் என்று கொள்வோம். வித்தியாசம் 1,000 ரூபாய்; ஐந்து வருஷத்திற்குப் பிரித்தால் வருஷம் 200 ரூபாய்தான். இரண்டு லேபிள்களும் ஒரே தரத்தையும் காலத்தையும் தெளிவாகக் குறித்து, பொறுப்பேற்கும் விலாசமும் பில்லும் தந்தால் கடை மார்க்கை வாங்கி அத்தொகையை மிச்சப்படுத்துவதில் தவறில்லை. லேபிள் மௌனமாயிருந்தாலோ, வருஷத்திற்கு 200 ரூபாய்க்காக யந்திரத்தைப் பணயம் வைப்பது புத்தியாகாது.

ஊற்றும் முறை

எந்த மார்க்கானாலும் கிணற்று ஜலத்தையும் ஆழ்குழாய் ஜலத்தையும் கலக்கலாகாது. அவற்றிலுள்ள சுண்ண உப்பு படிந்து ரேடியேட்டர் குழாய்களை அடைக்கும். பாட்டரிக்கு ஊற்றும் வடித்த நீரே ஏற்றது. செறிவுச் சரக்கை அளவுக்குமேல் சேர்ப்பதும் தீங்கு. தண்ணீரே உஷ்ணத்தை நன்கு கடத்துவது. பழைய வகையுடன் புதிய வகையைக் கலந்தால் நீடித்த ஆயுள் போய்விடும். ஆகையால் முழுவதும் வடித்து, அலம்பிய பின்னரே புதியதை ஊற்றுக. யந்திரம் சூடாயிருக்கையில் மூடியைத் திறக்கவே கூடாது.

எச்சரிக்கை

கிளைக்கால் இனிப்பான விஷம். கழித்த நீரை வாய்க்காலிலோ களத்திலோ கொட்டினால் மாடும் நாயும் குடித்து மடியக்கூடும். குடிநீர்ப் புட்டியில் அதை வைத்தல் குழந்தைகளுக்கு ஆபத்து. ஆகவே அதனை மூடிய டின்னில் பத்திரப்படுத்தி, கழிவுகளை முறைப்படி ஏற்கும் பணிமனையில் ஒப்படைக்க வேண்டும். வாடகை டிராக்டர்கள் வைத்துள்ள கூட்டுறவுச் சங்கங்களின் நிர்வாகிகளும் கிராம அதிகாரிகளும், இவ்விஷயத்தை உழவு தொடங்குமுன் ஓட்டுநர்களுக்கு எடுத்துரைத்து, ஊற்றிய மார்க்கையும் தேதியையும் பதிவேட்டில் குறித்து வரச்செய்தல் மிகவும் பயனளிக்கும்.