நாலு கதவு ஹெரால்டு: அன்றும் இன்றும்

பெருங்களத்தூரிலிருந்து வண்டலூர் நோக்கி ஜி.எஸ்.டி. சாலையில் போகிறவர்களுக்கு இன்று கண்ணில் படுவது ஐ.டி. பூங்காவும் அடுக்குமாடிக் குடியிருப்புகளும். ஸ்டாண்டர்டு மோட்டார் தொழிற்சாலை இருந்த இடம் அது. 1948இல் தொடங்கிய கம்பெனி, வான்கார்டு, ஸ்டாண்டர்டு டென் என்று சில வண்டிகளைச் செய்து பார்த்து, 1961இல் ஹெரால்டை வெளியிட்டது. அம்பாசடருக்குக் கல்கத்தா, ஃபியட்டுக்குப் பம்பாய் என்றால் ஹெரால்டுக்குச் சென்னை. 1983 டிசம்பரில் மாருதி வரும்வரை, நம் நாட்டில் கார் என்று பேச்செடுத்தால் பெரும்பாலும் இந்தப் பெயர்களுக்குள்தான் சுற்றி வரும்.

என்னிடம் இருந்தது ஹெரால்டு மார்க் 3. தொண்ணூறுகளின் நடுவில் வாங்கி, கடைசி போல்ட் வரை பிரித்து, சீர் செய்து, சில ஆண்டுகள் ஓட்டினேன். வீடு கட்டும்போது பணம் தேவைப்பட்டதால் விற்றேன். கால் நூற்றாண்டு கழித்து அதே வண்டியை மறுபடியும் வாங்கி, மறுபடியும் பிரித்திருக்கிறேன். ஒரே வண்டியை இரண்டு காலத்தில் பழுது பார்க்கும் வாய்ப்பு எல்லோருக்கும் அமையாது. எனக்கு அமைந்ததால், நடுவில் என்னென்ன மாறியது என்பதை ஒவ்வொரு பாகமாகத் தொட்டுச் சொல்ல முடிகிறது. சுருக்கமாகச் சொன்னால், உதிரிபாகம் கிடைப்பது எளிதாகிவிட்டது. உதிரிபாகத்தைச் செய்து தரும் கை அரிதாகிவிட்டது.

பிரித்துப் பூட்டப் பிறந்த வண்டி

ஹெரால்டின் உடற்கூறு தனி. இங்கிலாந்தில் கார்களுக்கு பாடி செய்து கொடுத்துக்கொண்டிருந்த ஃபிஷர் அண்டு லட்லோ கம்பெனியை 1953இல் போட்டி நிறுவனமான பி.எம்.சி. வாங்கிக்கொண்டது. முழு பாடியையும் ஒரே கூடாகச் செய்து தர ஆள் கிடைக்காததால், ஹெரால்டை உருவாக்கிய ஸ்டாண்டர்டு-ட்ரையம்ஃப் வேறு வழி தேடியது. தனி சேஸிஸ் ஒன்றைச் செய்து, அதன்மேல் பாடியைப் பகுதி பகுதியாக வைத்து போல்ட் போட்டு முறுக்கியது. துரின் நகரத்து ஜியோவானி மிக்கலோட்டி உருவம் வரைந்து கொடுத்தார். 1959இல் இங்கிலாந்தில் வெளிவந்த அந்த வண்டியைப் பாகங்களாகப் பெட்டியில் அடைத்து வேறு நாட்டுக்கு அனுப்பி, அங்கே பூட்டிக்கொள்வது சுலபம். சென்னைக்கு அது தோதாக அமைந்ததற்கு இதுவும் ஒரு காரணம்.

பானெட் என்று தனியாக ஒன்று கிடையாது. மட்கார்டோடு சேர்ந்து முன்பக்கம் மொத்தமும் முன்னால் கவிழ்ந்து திறக்கும். முன் டயர் மேலேயே உட்கார்ந்து 948 சி.சி. எஞ்சினில் வேலை பார்க்கலாம். 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும். பின்பக்கம் மட்டும் அதன் பலவீனம். ஜாக்கி போட்டுத் தூக்கினால் பின் சக்கரங்கள் இரண்டும் உள்வாங்கி மடங்கித் தொங்கும். அந்த சஸ்பென்ஷன் நம் ஊர்ச் சாலைக்கும் மெக்கானிக்குகளுக்கும் ஒத்து வரவில்லை. எழுபதுகளில் வந்த கசெல் மாடலில் கம்பெனியே அதை விட்டுவிட்டு ஒற்றை அச்சுக்கு மாறியது.

1968இல் வந்த மார்க் 3க்கு நான்கு கதவுகள். ஹெரால்டு பிறந்த இங்கிலாந்தில்கூட நாலு கதவு ஹெரால்டு செய்யப்படவில்லை. பெருங்களத்தூரில் மட்டுமே பிறந்த உருவம் அது. இந்த ஒரு விஷயம்தான் இன்று என் வேலையில் பாதியைத் தீர்மானிக்கிறது.

அன்று: செய்து கொள்வது

நான் முதலில் வாங்கியபோது கம்பெனி கதவடைத்திருந்தது. ரோவர் எஸ்.டி.1 உருவத்தில் 1985இல் கொண்டுவந்த ஸ்டாண்டர்டு 2000 எடுபடாமல் போய், எண்பதுகளின் முடிவில் உற்பத்தி நின்றுவிட்டது. தாம்பரம் பக்கத்தில் ஒரு வேப்பமரத்தடியில் நாலு டயரும் தரையோடு ஒட்டி நின்ற வண்டிக்கு, காயலான் கடைக்காரர் எடை போட்டுச் சொன்ன விலைக்கு மேல் கொஞ்சம் சேர்த்துக் கொடுத்தேன். பழைய கார் என்றால் பழைய இரும்பு என்று பொருள்பட்ட காலம். வாங்கியவனைப் பார்த்துப் பெரியவர்கள், "ஏம்ப்பா, ஒரு மாருதி வாங்கியிருக்கலாமே" என்றார்கள்.

உதிரிபாகத்துக்கு ஜெனரல் பேட்டர்ஸ் சாலையும் புதுப்பேட்டையும். புதுப்பேட்டையில் பிரித்துக் குவித்த வண்டிகளுக்கு நடுவே ஒரு ஹெரால்டு ஸ்டியரிங் பாக்ஸைக் கண்டுபிடிக்க வாரக்கணக்கில் அலைய வேண்டும். கிடைக்காததைச் செய்துகொள்ள வேண்டும். செய்து கொடுக்க ஆள் இருந்தார்கள் என்பதுதான் அந்தக் காலத்தின் பெரிய செல்வம். பாடி என்ற ஊரில் 1961இல் லூகாஸ் டி.வி.எஸ்.ஸும், 1962இல் பிரேக்ஸ் இந்தியாவும் தொடங்கியதிலிருந்து, சென்னையைச் சுற்றிப் பெரிய ஆலைகளுக்கு வேலை செய்து கொடுக்கும் சின்னப் பட்டறைகள் நிறைய முளைத்திருந்தன. ஆலையில் வேலை கற்று வெளியே வந்து சொந்தமாக லேத் போட்டவர்கள், தேய்ந்த ஒரு புஷ்ஷைக் கையில் கொடுத்தால் வெர்னியரில் அளந்து பார்த்துவிட்டு, "நாளைக்குச் சாயந்திரம் வாங்க" என்பார்கள். மறுநாள் வெண்கலத்தில் கடைந்த புஷ் தயாராக இருக்கும்.

டிங்கரிங் வேலையை ஒரு பெரியவர் செய்தார். துருப்பிடித்த இடத்தை வெட்டி எடுத்து, தகட்டை மணல் மூட்டைமேல் வைத்து மரச்சுத்தியால் தட்டித் தட்டி வளைவு கொண்டுவருவார். கேஸ் வெல்டிங்கில் பற்றவைத்து, இணைப்பின்மேல் ஈயம் உருக்கி இழைத்து மட்டமாக்குவார். பட்டி பூசி மறைப்பது அவருக்குப் பிடிக்காது. "பட்டி போட்டா மழைக்குத் தாங்காது தம்பி, தகடு தகட்டைத்தான் பிடிக்கும்" என்பார். பாடிக்கும் சேஸிஸுக்கும் நடுவில் வைக்க வேண்டிய ரப்பர் துண்டுகளை லாரி டயரிலிருந்து வெட்டினோம். ஹெட் கேஸ்கட் ஒன்றைத் தவிர மற்ற கேஸ்கட்டுகளைக் கடையில் வாங்கிய தாளில் நானே கத்தரித்தேன்.

முன் சக்கரத்தைத் தாங்கும் அச்சின் அடியில் டிரனியன் என்று ஒரு வெண்கலப் பாகம் உண்டு. மரையுள்ள எஃகுத் தண்டு ஒன்று, ஸ்டியரிங்கைத் திருப்பும்போதெல்லாம் அதற்குள் சுழல வேண்டும். அங்கே கிரீஸ் அடித்தால் நாளடைவில் காய்ந்து இறுகிவிடும். தண்டு தேய்ந்து ஒருநாள் முறியும். சக்கரம் பக்கவாட்டில் மடிந்து வண்டி தரையில் உட்காரும். கெட்டியான கியர் ஆயில்தான் விட வேண்டும். என் மெக்கானிக் இதை எந்தப் புத்தகத்திலும் படிக்கவில்லை. ஹெரால்டில் கை வைத்துப் பழகிய இன்னொருவரிடமிருந்து அவருக்கு வந்தது. அவரிடமிருந்து எனக்கு வந்தது.

இன்று: வாங்கிக் கொள்வது

வண்டி இரண்டு கை மாறிப் பொள்ளாச்சிப் பக்கம் ஒரு தோப்பு வீட்டுக்குப் போயிருந்தது. விலையைக் கேட்டபோது காலம் மாறியது புரிந்தது. அன்று இரும்புக்கு விலை சொன்னார்கள். இன்று வயதுக்கு விலை சொல்கிறார்கள். கோவையில் 2015இல் திறந்த ஜீடீ கார் அருங்காட்சியகத்துக்குக் குடும்பம் குடும்பமாகப் போகிறார்கள். மெட்ராஸ் ஹெரிட்டேஜ் மோட்டாரிங் கிளப் போன்ற அமைப்புகளின் அணிவகுப்பில் பழைய வண்டிகளோடு இளைஞர்கள் நின்று படம் எடுத்துக்கொள்கிறார்கள். பழைய கார் வைத்திருப்பவரைப் பார்த்து இன்று யாரும் மாருதி வாங்கச் சொல்வதில்லை. இந்த மதிப்பு வந்ததில் எனக்கு உண்மையாகவே மகிழ்ச்சி. இது அன்றே இருந்திருந்தால் எத்தனையோ ஹெரால்டுகள் உலைக்குப் போகாமல் தப்பியிருக்கும்.

ஆர்.சி. மாற்றுவதற்கு அன்று புரோக்கர் பின்னால் அலைந்தேன். இன்று பரிவாஹன் தளத்தில் விண்ணப்பம் போகிறது. டிரனியன், பேரிங், பிரேக் சிலிண்டர் கிட் எல்லாம் இங்கிலாந்துக் கடைகளில் புதிதாகக் கிடைக்கின்றன. ராத்திரி உட்கார்ந்து ஆர்டர் போட்டு, சுங்க வரி கட்டினால் வீட்டு வாசலுக்கு வந்துவிடும். அன்று வாரக்கணக்கில் தேடிய பொருள் இது. ஆனால் வண்டியின் பின் கதவுக்கு வேண்டிய ரப்பர் பீடிங்கை எந்த இங்கிலாந்துக் கடையும் விற்காது. பின் கதவின் கண்ணாடி, கைப்பிடி, கீல் எதுவும் அங்கே கிடையாது. நாலு கதவு ஹெரால்டு அங்கே இல்லையே! பணம் கொடுத்தால் வாங்கக் கூடியவை வண்டியின் ஒரு பாதி. யாராவது செய்து கொடுத்தால் மட்டுமே கிடைக்கக் கூடியவை மறு பாதி. அந்த மறு பாதிக்காகத் தேடி அலைந்தபோதுதான் எனக்குப் பழகிய பட்டறைகளில் பல மூடிக் கிடப்பது தெரிந்தது. திறந்திருந்த இடங்களில், பாகத்தை மொத்தமாக மாற்றும் வேலை நன்றாக நடக்கிறது. தேய்ந்ததை அளந்து கடைந்து தரும் வேலைக்கு ஆள் குறைவு.

பெட்ரோலும் மாறிவிட்டது. நான் ஓட்டிய காலத்தில் ஈயம் கலந்த பெட்ரோல். 2000 பிப்ரவரி முதல் நாடு முழுவதும் ஈயமற்ற பெட்ரோல் வந்தது. குழந்தைகளின் மூளைக்கும் ரத்தத்துக்கும் கேடு செய்த ஈயம் போனது மிகச் சரி. ஆனால் பழைய எஞ்சினின் எக்ஸாஸ்ட் வால்வு உட்காரும் இடத்துக்கு அந்த ஈயம்தான் காப்பாக இருந்தது. இப்போது ஹெட்டைக் கழற்றிக் கடினமான எஃகு வளையங்களை அடித்துப் பொருத்தியிருக்கிறேன். அடுத்தது எத்தனால். இருபது சதவீதம் எத்தனால் கலந்த பெட்ரோல் 2023இல் தொடங்கி எங்கும் பரவிவிட்டது. பழைய ரப்பர் ஹோஸையும் பெட்ரோல் பம்பின் டயாஃப்ரத்தையும் அது உப்பவைத்துக் கெடுக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பருக்கு எல்லாவற்றையும் மாற்றினேன்.

சட்டம் இந்த வண்டிகளை அடையாளம் கண்டுகொண்டிருக்கிறது. 2021 ஜூலையில் வந்த மத்திய விதிப்படி, ஐம்பது ஆண்டு கடந்து, பெரிய மாற்றம் எதுவும் செய்யப்படாத இரு சக்கர, நான்கு சக்கர வண்டிகளை வின்டேஜ் என்று பதியலாம். கட்டணம் 20,000 ரூபாய், பத்தாண்டு செல்லும், பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். ஆனால் கண்காட்சி, பேரணி, ஆய்வு, பெட்ரோல் போடுவது, பழுது பார்ப்பது போன்ற தேவைகளுக்கு மட்டுமே சாலைக்கு வரலாம். சாதாரணப் பதிவைப் புதுப்பிக்கும் கட்டணமோ 2022 ஏப்ரலில் 600 ரூபாயிலிருந்து 5,000 ஆகி, பிறகு மிகப் பழைய வண்டிகளுக்கு இன்னும் கூடிவிட்டது. கூடினாலும் நான் சாதாரணப் பதிவிலேயே இருக்கிறேன். ஓடிக்கொண்டிருக்கும் வண்டிக்குத்தான் மெக்கானிக் தேவைப்படுவார். மெக்கானிக் தேவைப்பட்டால்தான் அந்த வித்தை உயிரோடு இருக்கும்.

வண்டி சொன்ன சாட்சி

பெயின்டை உரித்த நாள் எனக்கு முக்கியமான நாள். கதவின் கீழ் விளிம்பில் வாட்டர் பேப்பரை நனைத்துத் தேய்த்தேன். மேலே யாரோ அடித்த மெட்டாலிக் சாம்பல் நிறம் முதலில் கரைந்தது. அதன் கீழே மெரூன். அதற்கும் கீழே, காசளவு வட்டத்தில், நான் அடித்த வெளிர் நீலம். அதன் அடியில் ரெட் ஆக்சைடு. மரத்தின் வளையங்களைப் போல ஒவ்வொரு உரிமையாளரின் காலமும் வரிசையாகத் தெரிந்தது. ரெட் ஆக்சைடையும் தாண்டி, தகடு துருவில்லாமல் பளிச்சென்று இருந்தது.

பிறகு வண்டி முழுவதையும் அந்தக் கண்ணோடு பார்த்தேன். அந்தப் பெரியவர் ஈயம் இழைத்த இணைப்புகள் ஒன்றுகூட விடவில்லை. பின்னால் வந்தவர்கள் பட்டி அப்பிய இடங்கள் அடை அடையாகப் பெயர்ந்து வந்தன. உள்ளே தகடு சல்லடை. லாரி டயரில் வெட்டிய ரப்பர் துண்டுகள் இன்னும் சேஸிஸைத் தாங்கிக்கொண்டிருந்தன. லேத்தில் கடைந்த புஷ்கள் அளவு மாறாமல் இருந்தன. டிரனியனில் மட்டும் யாரோ கிரீஸ் அடித்திருந்தார்கள். கல்லாக இறுகிப்போன கிரீஸைச் சுரண்டி எடுத்தால் உள்ளே மரை பாதி தேய்ந்திருந்தது. வண்டியை விற்றபோது ஆர்.சி.யும் சாவியும் கை மாறின. கியர் ஆயில் விட வேண்டும் என்ற அந்த ஒரு வரி கை மாறவில்லை. இந்த முறை கோவைப் பட்டறை ஒன்றில் எனக்கு உதவிய இளைஞர் ஈய இணைப்பை விரலால் தடவிப் பார்த்து, "இது யாருங்க அடிச்சது? எங்கயும் கோடே தெரியலையே" என்றார். சென்னையில் ஒரு பெரியவர் என்றேன். "இப்ப இருக்காருங்களா?" என்று கேட்டார். இல்லை.

ஒரு வண்டியைக் காப்பாற்றுவது என்றால் அதன் இரும்பை மட்டும் காப்பாற்றுவது என்று நான் முன்பு நினைத்திருந்தேன். அந்த வேலையின் அறிவையும் சேர்த்துக் காப்பாற்ற வேண்டும் என்பதை இந்த வண்டிதான் எனக்குச் சொல்லிக் கொடுத்தது. ஆகவே இம்முறை வேலையை வேறு விதமாகச் செய்கிறேன். ஒவ்வொரு புஷ்ஷின் அளவையும், எந்த இடத்தில் எந்த எண்ணெய் என்பதையும் நோட்டில் எழுதி, நகலை வண்டியோடு வைக்கிறேன். பின் கதவு பீடிங்கின் குறுக்குவெட்டை வரைந்து, ரப்பர் பட்டறையில் கொடுத்து அச்சு செய்ய வைத்திருக்கிறேன். அந்த அச்சு பட்டறையிலேயே இருக்கும். மார்க் 3 வைத்திருக்கும் யார் கேட்டாலும் அடித்துத் தரச் சொல்லியிருக்கிறேன். அந்த இளைஞர் ஈயம் இழைக்கக் கற்றுக்கொண்டிருக்கிறார். முதல் முயற்சிகள் மேடும் பள்ளமுமாக வந்தன; இப்போது கை படிந்து வருகிறது.

பழைய கார் வைத்திருப்பவர்களிடம் நான் கேட்பது இதுதான். உங்கள் மெக்கானிக்குக்கு அறுபது வயது தாண்டியிருந்தால், அடுத்த முறை வண்டியை அவரிடம் விடும்போது இருபது வயதுப் பிள்ளை ஒருவரையும் பக்கத்தில் நிறுத்துங்கள். அவருக்கான கூலியையும் நீங்களே கொடுங்கள். பெரியவர் சொல்வதை எழுதிக்கொள்ளச் சொல்லுங்கள். நீங்கள் என்றாவது வண்டியை விற்க நேர்ந்தால், ஆர்.சி.யோடு அந்த நோட்டையும், அந்தப் பிள்ளையின் போன் நம்பரையும் வாங்குகிறவர் கையில் கொடுங்கள்.