எஞ்சின் நிற்பது ஏன்?

வேலணைக்கும் புங்குடுதீவுக்கும் இடையே கடலை ஊடறுத்துச் செல்லும் தாம்போதியில் ஒரு கார் திடீரென நின்றுவிட்டது என்று கொள்க. இருமருங்கும் நீர், ஒதுங்க நிழல் இல்லை. குறிகட்டுவானில் நெடுந்தீவுப் படகு புறப்படும் நேரமோ நெருங்குகின்றது. இந்நிலையில் சாரதி செய்யக்கூடிய பெரும் பிழை, காரணத்தை அறியுமுன் குறட்டைக் கையில் எடுப்பதாகும். நோயின் முதலை நாடிய பின்னரே மருந்து என்று வள்ளுவர் வகுத்த ஒழுங்கு எஞ்சினுக்கும் பொருந்தும்.

1876ஆம் ஆண்டில் ஜெர்மனியரான நிக்கொலஸ் ஒட்டோ உருவாக்கிய நான்கடிப்பு எஞ்சினின் வழிவந்ததே பெற்றோல் கார். அதற்கு வேண்டியவை மூன்று: நிறையளவில் ஒரு பங்கு பெற்றோலுக்கு ஏறத்தாழ 15 பங்கு காற்றுச் சேர்ந்த கலவை, அக்கலவையை இறுக்கும் அமுக்கம், உரிய கணத்தில் ஒரு தீப்பொறி. நிமிடத்துக்கு 3,000 முறை சுழலும் எஞ்சினில் ஒவ்வொரு பிளக்கும் செக்கனுக்கு 25 முறை பொறி தரவேண்டும். இம்மூன்றில் எது தவறியது என்பதே வினா.

நின்ற விதமே முதற் சான்று. சாவியைத் திருப்பி அணைத்தாற்போல எஞ்சின் சட்டென அடங்கினால் மின்பகுதியை ஐயுறவேண்டும். கழன்ற வயர், தேய்ந்த பொயின்ற், சூடேறிப் பழுதான கம்பிச்சுருள் என்பன அங்கே தேடத்தக்கவை. மாறாக, இருமி, குலுங்கி, மீண்டு, மறுபடி தளர்ந்து நின்றால் எரிபொருள் போதிய அளவு வந்து சேரவில்லை எனலாம். அடைபட்ட வடிகட்டி, தூசி புகுந்த காபுரேற்றர், வலி குன்றிய பம்பு, பெற்றோலிற் கலந்த நீர் ஆகியவற்றை வரிசையாகப் பார்த்தல் தகும். தாங்கியின் மூடியைத் திறந்ததும் காற்று உட்புகும் ஓசை கேட்டு, வண்டி பின்னர் ஒழுங்காக ஓடுமாயின், மூடியின் மூச்சுத்துளை அடைபட்டதே காரணம். பரிகாரம் ஓர் ஊசி.

நிற்காமல் நொண்டி ஓடும் எஞ்சினும் உண்டு. சீரான இடைவெளியில் அது அதிர்ந்தால் ஒரு சிலிண்டர் உழைக்கவில்லை என்பது குறிப்பு. பிளக்கைக் கழற்றிப் பார்த்தால் அதன் நுனியே பேசும். கரி படிந்திருந்தால் பெற்றோல் மிகுதி, அன்றேல் காற்றுக் குறைவு. வெளிறியிருந்தால் பெற்றோல் குறைவு.

தீவுகளில் உப்புக்காற்று ஒரு தனிக் காரணம். பிளக் வயர்களிற் படியும் உப்பு விடியற்காலை ஈரத்தை உறிஞ்ச, பொறிக்குரிய உயர் மின்னழுத்தம் அவ்வீரத்தின் வழியே கசிந்துவிடுகின்றது. காலையில் முரண்டு பிடித்த கார் வெயில் ஏறியதும் தானே திருந்துவது இதனாலேயே. எஞ்சினை நிறுத்திவிட்டு உலர்ந்த துணியால் துடைத்தாற் போதும்.

1990களின் முற்பாதியில், பொருளாதாரத் தடையினால் யாழ்ப்பாணத்திற் பெற்றோல் அரிதானபோது, ஒஸ்ரின், மொறிஸ் முதலிய பழைய கார்கள் மண்ணெண்ணெயில் ஓடின. சிறிதளவு பெற்றோலால் எஞ்சினைச் சூடேற்றிய பின்பே மண்ணெண்ணெய் விடப்பட்டது. குளிர்ந்த நிலையில் அது எளிதில் ஆவியாவதில்லை. அமுக்கம் குறைந்த பழைய எஞ்சின்களே அதைத் தாங்கின. அவையும் இடித்தன, புகைத்தன. எரியாத மண்ணெண்ணெய் உள்ளே இறங்கி எஞ்சின் எண்ணெயையும் நீர்க்கச் செய்தது.

குறிகட்டுவானிலிருந்து புறப்படும் படகுகளின் டீசல் எஞ்சினிற் பிளக் இல்லை. அமுக்கத்தால் 500 பாகை செல்சியசுக்கு மேற் சூடேறிய காற்றில் டீசல் தூறலாகப் பாய்ந்து தானே எரிகின்றது. ஆகவே அங்கு எரிபொருள் வழியையே முதலில் ஆராயவேண்டும். குழாயில் ஒரு காற்றுக்குமிழி புகுந்தால் பம்பின் விசை அதை அமுக்குவதிலேயே வீணாகும். காற்றை வெளியேற்றும்வரை எஞ்சின் எழாது. நின்ற கார் நின்ற இடத்தில் நிற்கும். நின்ற படகோ நீரோட்டத்தோடு இழுபடும். எனவே வடிகட்டியிற் சேர்ந்த நீரைக் கரையிலேயே வடித்துவிடுதல் உயிர்காக்கும் வழக்கமாகும்.

இன்றைய கார்களிற் காபுரேற்றருக்குப் பதிலாகக் கணினி எரிபொருளை அளக்கின்றது. பழுதின் குறியீட்டையும் காட்டுகின்றது. ஆயினும் குறியீடு காட்டுவது அறிகுறியையே. கலவை, அமுக்கம், பொறி என்னும் மூன்றையும் ஒழுங்காக வினவத் தெரிந்த சாரதிக்குத் தாம்போதியின் நடுவிலும் கை நடுங்காது.