பட்டா கிளியர்... ஆனா வீடு கட்ட முடியுமா? அத்திப்பட்டு பக்கம் மனை தேடுறவங்க கவனிக்க!

கும்மிடிப்பூண்டி போகும் மின்சார ரயில் எண்ணூரைத் தாண்டியதும் கொசஸ்தலை ஆற்றுப் பாலத்தில் ஏறும். இருபக்கமும் விரிந்த தண்ணீர், வலை வீசும் படகுகள், பின்னால் அனல் மின்நிலையப் புகைபோக்கிகள். அடுத்த ஸ்டாப் அத்திப்பட்டு புதுநகர். அங்கிருந்து பழவேற்காடு வரை, “அமைதியான இடம், பீச் பக்கம், விலை கம்மி” என்று சொல்லி மனை விற்பவர்கள் உண்டு. ஈ.சி.ஆர். விலை கட்டுப்படியாகாத ஐ.டி. ஊழியருக்கு இது ஆசை காட்டும் ஆஃபர்தான்.

“பட்டா கிளியரா இருக்கு சார், தைரியமா வாங்கலாம்” என்பார் புரோக்கர். அவர் சொல்வது உண்மையாகவே இருக்கலாம். ஆனால் நிலம் யாருடையது என்பதைத்தான் பட்டா சொல்லும். அதில் வீடு கட்டலாமா என்பதைச் சொல்லாது.

எந்த விதி தடுக்கும்?

சி.ஆர்.இசட். எனப்படும் கடலோர ஒழுங்குமுறை மண்டல விதிகள். முதலில் 1991-ல் வந்தன. 2011, 2019 ஆண்டுகளில் மாற்றி எழுதப்பட்டன. கடலின் உயர் அலைக்கோட்டிலிருந்து 500 மீட்டர் வரை இவை பொருந்தும்.

2011 விதிப்படி, ஊரகக் கடற்கரையில் முதல் 200 மீட்டரில் புதிதாக வீடு கட்ட முடியாது. 200 முதல் 500 மீட்டர் வரை, மீனவக் கிராமங்கள் போல பாரம்பரிய உரிமைக்கு உட்பட்ட வீடுகளுக்கே அனுமதி. அதுவும் தரைத்தளமும் ஒரு மாடியும்தான். உயரம் 9 மீட்டரைத் தாண்டக் கூடாது. அதாவது, வெளியூர்க்காரரின் ‘வீக்எண்ட் வீடு’ இந்தக் கணக்கில் வராது.

மக்கள் நெருக்கம் அதிகமுள்ள ஊரகப் பகுதிகளில் தடை தூரத்தை 50 மீட்டராகக் குறைத்தது 2019 அறிவிக்கை. ஆனால் ஒரு மாநிலத்தின் கடலோர வரைபடம் அதற்கேற்பப் புதுப்பிக்கப்பட்டு ஒப்புதல் பெறும்வரை 2011 விதிகளே தொடரும். “இப்போ 50 மீட்டர்தான் சார்” என்று யாராவது சொன்னால், அந்த ஊருக்கான வரைபடத்தைக் கேளுங்கள்.

கடல் தூரத்தில்தானே இருக்கு?

பலர் ஏமாறுவது இங்கேதான். அலை ஏறி இறங்கும் ஆறு, கழிமுகம், உப்பங்கழி எல்லாவற்றுக்கும் இந்த விதி உண்டு. 2011 விதிப்படி கரையிலிருந்து 100 மீட்டர் அல்லது அந்த நீர்வழியின் அகலம், இதில் எது குறைவோ அதுவரை. அலையாத்திக் காடு, சேற்றுப் படுகை, உவர் சதுப்பு என்றால் இன்னும் கடுமையான பாதுகாப்பு. எண்ணூர் கழிமுகத்தை ஒட்டிய அத்திப்பட்டில், கடலே கண்ணில் படாத மனையும் இதற்குள் வரலாம்.

வரைபடம் ஏன் முக்கியம்?

1996-ல் ஒன்றிய அரசு ஒப்புதல் கொடுத்த வரைபடத்தில் எண்ணூர் கழிமுகம் பாதுகாக்கப்பட்ட பகுதி. பிற்பாடு வந்த வரைபடத்தில் சுமார் 6,500 ஏக்கர் கழிமுகமே காணவில்லை என்று 2017-ல் சூழல் ஆர்வலர்கள் குற்றம்சாட்டினார்கள். தாளில் இல்லாவிட்டாலும் தண்ணீர் தன் இடத்தை மறப்பதில்லை. 2023 டிசம்பரில் மிக்ஜாம் புயல் வெள்ளத்தோடு எண்ணெய்க் கழிவும் கலந்து இந்தக் கழிமுகத்தில்தான் பரவியது.

வரைபடத்தை நம்பி ஏமாந்தால் என்ன ஆகும் என்பதற்கு கொச்சி மரடு உதாரணம். அங்கே 4 அடுக்குமாடி வளாகங்களுக்கு 2006-ல் பஞ்சாயத்து அனுமதி கொடுத்தது. பின்னாளில் அந்தப் பகுதியின் வகை மாறியதாக வாதிட்டும் பலிக்கவில்லை. அனுமதி கொடுத்த நேரத்தில் எந்த விதி இருந்தது என்றுதான் பார்த்தது உச்ச நீதிமன்றம். 2019 மே மாதம் இடிக்க உத்தரவிட்டது. 2020 ஜனவரி 11, 12 தேதிகளில் வெடி வைத்துத் தகர்க்கப்பட்டன. வீடு வாங்கியவர்களுக்கு இடைக்கால இழப்பீடாக தலா 25 லட்சம் ரூபாய் உத்தரவானது. வீடு போனது போனதுதான்.

அட்வான்ஸ் கொடுக்கும் முன்...

• சர்வே எண்ணை வாங்குங்கள். பட்டா, புலப்பட நகல், ‘அ’ பதிவேடு மூன்றையும் அரசின் இ-சேவைத் தளத்தில் பாருங்கள். புறம்போக்கு, உப்பளம், நீர்நிலை என்றிருந்தால் நின்று யோசியுங்கள்.

• பதிவுத்துறை தளத்தில் வில்லங்கச் சான்று எடுங்கள்.

• லேஅவுட்டுக்கு அங்கீகாரம் இருக்கிறதா? 500 சதுர மீட்டருக்கு மேற்பட்ட திட்டம் என்றால் ‘ரெரா’ பதிவு எண் கேளுங்கள்.

• அங்கீகரிக்கப்பட்ட கடலோர மேலாண்மை வரைபடத்தில் அந்த சர்வே எண் எங்கே விழுகிறது என்று பாருங்கள். சந்தேகம் இருந்தால் மாவட்டக் கடலோர மண்டல மேலாண்மை ஆணையத்திடம் எழுத்துபூர்வமாகக் கேளுங்கள். உயர் அலைக்கோட்டைக் குறித்துத் தரும் அங்கீகாரம் அண்ணா பல்கலைக்கழகத்தின் தொலையுணர்வு நிறுவனத்துக்கு உண்டு.

• பழவேற்காடு என்றால், பறவைகள் சரணாலயத்தைச் சுற்றியுள்ள கட்டுப்பாடுகளையும் சேர்த்துப் பாருங்கள்.

கடைசியாக ஒன்று: மழைக்காலத்தில் ஒரு நாள் அந்த மனையை நேரில் போய்ப் பாருங்கள். பக்கத்து டீக்கடையில், “இங்க தண்ணி எதுவரைக்கும் வரும்ணே?” என்று கேளுங்கள். பத்திரத்தில் இல்லாத பதில் அங்கே கிடைக்கும்.