திரையில் வினாடி வினா - தமிழ் வகுப்பிலே!



கல் + கருவி = ?
அ) கல்கருவி ஆ) கற்க்கருவி இ) கற்கருவி ஈ) கல்லுகருவி

நம்ம ஹைடெக் லேப் திரையில் இந்தக் கேள்வியோடு ஒரு படமும் வந்தது. 2022-ல் நம் வடக்குப்பட்டில் இந்தியத் தொல்லியல் துறை தோண்டியபோது கிடைத்தனவே, அந்த மாதிரி ஒரு கல்லாயுதம். புணர்ச்சி விதி நடத்தும்போது நம்ம ஊர் வரும்னு யார் நினைச்சா?

இதற்குப் பெயர் ஸ்லைடு வினாடி வினா. பவர்பாயிண்ட் 1987-ல் ஆபீஸ்காரர்கள் கூட்டத்தில் பேசுவதற்காக வந்தது. அதை வகுப்புக்கு இழுத்து வந்தது ஆசிரியர்களின் கெட்டிக்காரத்தனம்.

செய்வது கஷ்டமில்லை. கேள்விக்கு ஒரு ஸ்லைடு. நான்கு விடைக்கும் நான்கு கட்டம். ஒவ்வொரு கட்டத்தையும் 'ஹைப்பர்லிங்க்' மூலம் வேறொரு ஸ்லைடோடு இணைக்க வேண்டும். 'ஆன் மவுஸ் கிளிக்' என்ற டிக்கை மறக்காமல் எடுத்துவிட வேண்டும். இல்லாட்டி கட்டத்துக்கு வெளியே கை பட்டாலும் அடுத்த ஸ்லைடு வந்து விடையைக் காட்டிக் கொடுத்துவிடும். தமிழை யூனிகோடில்தான் அடிக்கணும். 2010-ல் தமிழக அரசே அதை ஏற்றுக்கொண்டது. பழைய பாமினி, வானவில் எழுத்துருவில் அடித்தால், அந்த எழுத்துரு இல்லாத கம்ப்யூட்டரில் 'கல்' என்பது ஏதோ ஆங்கிலக் கிறுக்கலாய்த் தெரியும்.

ஆனால் உண்மையான வேலை தப்பு விடைகளில்தான் இருக்கு. 'ஈ' சும்மா சிரிப்புக்கு; அதை யாரும் தொட மாட்டார்கள். 'ஆ'தான் நல்ல தப்பு, ஏன்னா நாம் நிஜமாகவே அப்படி எழுதுகிறோம். அதை அழுத்தினால் 'தவறு' என்று கொட்டு வைக்காமல், காரணம் சொல்லும் ஸ்லைடு வரவேண்டும். லகர மெய்யில் முடியும் சொல்லோடு க, ச, ப வரிசையில் தொடங்கும் சொல் சேரும்போது 'ல்' பெரும்பாலும் 'ற்' ஆகும்: கற்சிலை, பற்பொடி. 'ற்' வந்த பிறகு இன்னொரு மெய்யெழுத்து அதை ஒட்டி வராது. அதனால்தான் முயற்ச்சி, பயிற்ச்சி எல்லாம் பிழை. முயற்சி, பயிற்சி சரி. (இந்தச் சுவரிதழின் பழைய தாள்களில் எத்தனை 'முயற்ச்சி' இருக்குன்னு நான் எண்ணவில்லை!)

இன்னொரு சங்கதி. வாய்விட்டுக் கேட்டால் எப்பவும் அதே நாலு பேர்தான் கத்துவாங்க. வகுப்புக்கே புரிஞ்சுடுச்சுன்னு தோணும். ஒரகடம் கம்பெனி வேலைக்காக ஒடிசா, பீகாரிலிருந்து வந்த வீட்டுப் பிள்ளைகள் நம்மோடு படிக்கிறார்கள். அவர்கள் பேசாமல் இருந்தால் தெரியாமல் இருக்கிறார்களா, கூச்சமா என்று எப்படிக் கண்டுபிடிப்பது? பத்தாம் வகுப்புத் தமிழ்த் தேர்வு அவங்களுக்கும் உண்டே!

அதற்காகத்தான் எங்கள் வகுப்பில் பழைய கல்யாணப் பத்திரிகை அட்டையை வெட்டி அ, ஆ, இ, ஈ என்று எழுதி ஆளுக்கு நாலு கொடுத்திருக்கு. தமிழம்மா "ம்" என்றதும் எல்லாரும் ஒரே நேரத்தில் தூக்கணும். யாரும் யாரையும் பார்த்துத் தூக்க நேரமில்லை. யாருக்கு எது வரலை என்று ஒரு பார்வையிலேயே அம்மாவுக்குத் தெரிந்துவிடும்.

வாழை, வாளை கேள்வியில் ஒரு வேடிக்கை. ஒன்று மரம், ஒன்று மீன். படத்தோடு அம்மாவின் குரலையும் பதிவு செய்து வைத்திருந்தோம். 'வாயப்பயம்' என்று பேசியே வளர்ந்த நாங்கள்தான் அதிகம் தடுமாறினோம். ஒடிசா நண்பன் காதைத் தீட்டிக் கேட்டுச் சரியான அட்டையைத் தூக்கினான்!

ஒரு குறையும் சொல்லணும். அட்டை தூக்கினால் சரியான சொல் எது என்று அடையாளம் தெரியும், அவ்வளவுதான், எழுத வந்துவிடாது. அதனால் ஐந்து கேள்வி முடிந்ததும் திரையை அணைத்துவிட்டு, அந்தச் சொற்களை வாக்கியத்தில் எழுதுகிறோம். எழுத்து பறக்கிறது, கைதட்டல் சத்தம் கேட்கிறது என்று அலங்காரம் செய்தால் பீரியடு அதிலேயே போய்விடும்.

அடுத்த தொகுப்புக்குத் தப்பு விடைகள் தேவை. கடைப் பலகை, சுவரொட்டி, பஸ் என்று எங்கே எழுத்துப் பிழை கண்டாலும் துண்டுச் சீட்டில் எழுதி வெள்ளிக்கிழமைக்குள் லேப் வாசல் பெட்டியில் போடுங்கள்.

- பத்தாம் வகுப்பு 'ஆ' பிரிவு மாணவி