முற்றத்தில் ஒரு மர மில்

சொந்த மரத்தை வீட்டு வாசலிலேயே பலகையாக்க ஒரு செயின் சாவும் அலுமினியச் சட்டமும் போதும். ஆனால் கேரள எல்லை மலைகளில் வாளை எடுப்பதற்கு முன் ஒரு கேள்விக்குப் பதில் தெரிய வேண்டும்: மரம் யாருடையது?

தென்மேற்குப் பருவமழை உக்கிரமாக அடித்து ஓய்ந்த மறுநாள் காலையில் கேரள எல்லை மலைகளில் அடிக்கடி காணக்கூடிய காட்சி இது. வீட்டுக்குப் பின்னால் பல வருஷமாக நின்ற பலா வேரோடு சாய்ந்து கிடக்கிறது. வேலி நசுங்கிவிட்டது. மிளகுக் கொடி மண்ணில் புரள்கிறது. வீட்டுக்காரர் மரத்தைச் சுற்றி வந்து கயிற்றால் சுற்றளவு பார்க்கிறார். நான்கடி. நேரான தண்டு எட்டடி தேறும். வாசற்கால், ஜன்னல் சட்டம், ஒரு கட்டில் என்று மனம் கணக்குப் போடுகிறது.

அடுத்த கேள்வியில் கணக்கு நின்றுவிடுகிறது. மரத்தை எப்படி மில்லுக்குக் கொண்டு போவது?

அந்த எட்டடித் துண்டு மட்டுமே பச்சையில் கால் டன் எடை இருக்கும். ஜீப் மட்டுமே ஏறும் பாதை. சாலை வரை உருட்ட நாலைந்து ஆள் வேண்டும். ஏற்றுகூலி, வண்டி வாடகை, மில்லில் அறுப்புக் கூலி, திரும்பவும் வாடகை என்று செலவு நீளும். பார்த்துக்கொண்டு நின்றதற்கே கூலி கேட்கும் ‘நோக்குகூலி’ வழக்கத்தைக் கேரள அரசு 2018 மே முதல் தேதி ஒழித்தது. ஆனாலும் மலைச்சரிவிலிருந்து மரம் இறக்குவது இன்றும் மலிவான காரியமல்ல. பல வீடுகளில் இப்படி விழும் பலாவும் மாவும் ஆஞ்சிலியும் வந்த விலைக்கு வியாபாரியிடம் போகின்றன. இல்லாவிட்டால் விறகாகின்றன.

மரம் மில்லுக்குப் போகாவிட்டால் மில் மரத்திடம் வரலாமே என்ற யோசனை வட அமெரிக்காவில் வெகுகாலமாக நடைமுறையில் இருக்கிறது. ‘அலாஸ்கன் மில்’ என்று அதற்குப் பெயர். பெயர்தான் பெரிது. செயின் சாவின் நீண்ட தகட்டில் திருகிப் பொருத்தும் ஓர் அலுமினியச் சட்டம், அவ்வளவே. சட்டத்துக்கும் தகட்டுக்கும் இடையே வைக்கும் தூரம்தான் பலகையின் கனம். சட்டம் மரத்தின் மேல் வழுக்கிச் செல்ல, கீழே வாள் ஒரே கனத்தில் பலகையைச் சீவி எடுக்கிறது. இந்தச் சட்டங்கள் இப்போது நம் ஊரிலும் தபாலில் வீடு தேடி வருகின்றன.

யோசனை நமக்கும் புதிதல்ல. பட்டறை மில்கள் வருமுன் மரம் விழுந்த இடத்தில்தான் அறுக்கப்பட்டது. குழி வெட்டி அல்லது உயரமாகச் சாரம் கட்டி, அதன்மேல் தண்டை ஏற்றி, காவி தோய்த்த நூலைச் சுண்டிக் கோடு போடுவார்கள். ஒருவர் மேலே நின்று கோடு பிசகாமல் ஈர்வாளைப் பிடிக்க, மற்றவர் குழிக்குள் நின்று கண்ணில் தூள் விழ விழ இழுப்பார். ஒரு பெரிய தண்டுக்கு நாள் கணக்காகும். ஈர்வாள்காரரின் தோள் செய்த வேலையை இன்று பெட்ரோல் செய்கிறது.

கோடும் கணக்கும்

முதல் அறுப்பில்தான் சூட்சுமம். உருண்டைத் தண்டின் மேல் சட்டம் உட்காராது. ஆகவே நேரான ஓர் ஏணியையோ கனமான பலகையையோ தண்டின் மேல் ஆணியடித்து நிறுத்தி, அதன் மீது சட்டத்தை ஓட்ட வேண்டும். முதல் அறுப்பு தட்டையாக வந்தால் அடுத்தடுத்த பலகைகள் அதைப் பார்த்தே வரும். கோணினால் அத்தனையும் கோணும்.

கடையில் செயின் சாவோடு தரும் சங்கிலி இதற்கு உதவாது. அது மரத்தைக் குறுக்கே வெட்டுவதற்காக 25 முதல் 35 டிகிரி சாய்வில் தீட்டிய பல் கொண்டது. நாரின் போக்கிலேயே நீளவாக்கில் அறுக்க ஏறக்குறைய 10 டிகிரியில் தீட்டிய பல் வேண்டும். எஞ்சினும் சின்னதாக இருந்தால் மூச்சு வாங்கும். 60 சிசிக்குக் குறையாமல் வேண்டும். பெரிய தண்டுக்கு 90 சிசி நல்லது. நான்கடிச் சுற்றளவுள்ள பலாவின் குறுக்களவு 15 அங்குலத்துக்குச் சற்றே அதிகம். சட்டம் பிடிக்கும் இடமும் போக வேண்டும் என்பதால் 20 முதல் 24 அங்குலத் தகடு தேவை.

இனி லாப நஷ்டம். சுற்றளவில் கால் பங்கை அதாலேயே பெருக்கி, நீளத்தால் பெருக்குவது மரவாடிக் கணக்கு. அதன்படி நம் பலா எட்டு கன அடி. உண்மையான கன அளவு பத்துக்குச் சற்று மேல். அறுப்பில் போகும் சேதாரத்தை முன்கூட்டியே கழித்துவிடும் பழைய தந்திரம் அது.

செயின் சாவில் சேதாரம் இன்னும் அதிகம். அதன் சங்கிலி ஒவ்வொரு தடவையும் 9 மில்லிமீட்டர் அளவுக்கு மரத்தைத் தின்கிறது. மில்லின் பட்டை வாள் 3 மில்லிமீட்டருக்குள் நிற்கும். ஒரு அங்குலப் பலகையாக அறுத்தால் செயின் சாவில் நாலில் ஒரு பங்கு மரம் தூளாகும். பட்டை வாளில் பத்தில் ஒன்றுதான். ஆகவே மெல்லிய பலகைக்கு இது ஊதாரிக் கருவி. இரண்டு, மூன்று அங்குலக் கனத்தில் சட்டமும் மேஜைப் பலகையும் எடுப்பவருக்கே கட்டும். மில்லுக்குக் கொண்டு போக வழியிருந்தால் கொண்டு போவதே மேல். வழியில்லாத இடத்துக்குத்தான் இது.

மண் ஒரு துறைக்கு, மரம் ஒரு துறைக்கு

பாலக்காடு, இடுக்கி இரண்டும் தமிழ்நாட்டை ஒட்டிய மாவட்டங்கள். இரண்டிலும் மரத்தின் கதை பழையது. பாலக்காடு மாவட்டத்துப் பரம்பிக்குளத்துக்கு இன்றும் பொள்ளாச்சி, சேத்துமடை, டாப்ஸ்லிப் வழியாகத் தமிழ்நாட்டுக்குள் புகுந்துதான் சாலையில் போக முடியும். மலையுச்சியிலிருந்து தேக்குத் தண்டுகளைச் சரிவில் உருட்டி விட்டதால் வந்த பெயர் டாப்ஸ்லிப். அந்தப் பக்கம் சென்னை மாகாணம் இப்படி மரம் இறக்க, இந்தப் பக்கம் கொச்சி சமஸ்தானம் சாலக்குடியிலிருந்து பரம்பிக்குளம் காட்டுக்குள் டிராம் பாதையே போட்டது. 1907இல் ஓடத் தொடங்கிய அந்த வண்டி 1963இல் நின்றது. வெட்டாமல் விட்டவற்றில் ஒன்று கன்னிமாரா தேக்கு. நானூறு வயதைத் தாண்டிய அந்த மரத்தைப் பார்க்க இன்று சுற்றுலாக்காரர்கள் போகிறார்கள்.

அரசுகளுக்கு மரத்தின் மேல் இருந்த அந்தப் பிடி முழுதாக விட்டுப்போகவில்லை. தேக்கு, ஈட்டி, கருங்காலி, சந்தனம் நான்கையும் கேரளத்தில் ‘ராஜ மரங்கள்’ என்பார்கள். 1964ஆம் ஆண்டு நிலப்பதிவு விதிகளின்படி பட்டா கொடுத்த நிலத்தில் இவை அரசுக்குச் சொந்தம். நிலம் விவசாயிக்கு, அதில் நிற்கும் ஈட்டி சர்க்காருக்கு.

2005இல் கேரளம் வனமல்லாத நிலங்களில் மரம் வளர்ப்பதை ஊக்குவிக்கத் தனிச் சட்டம் கொண்டுவந்தது. சந்தனம் தவிர மற்ற மரங்களை வெட்டவும் கொண்டு செல்லவும் நில உடைமையாளருக்கு அது உரிமை தருகிறது. ஆனால் அறிவிக்கை செய்யப்பட்ட பகுதிகளுக்கு விதிவிலக்கு உண்டு. இடுக்கியின் ஏலமலைக் காப்பு நிலங்களில் சிக்கல் இன்னும் அதிகம். அங்கே மண் வருவாய்த் துறையின் பொறுப்பு, மரம் வனத்துறையின் பொறுப்பு. ஏலத்துக்கு நிழல் தேவை என்பதால் மரம் காக்கப்பட வேண்டும் என்பதே அதன் அடிப்படை. அதாவது ஒரே ரகப் பலா கொல்லங்கோட்டில் விழுந்தால் வீட்டுக்காரரின் விவகாரம். உடும்பன்சோலையில் விழுந்தால் வனத்துறையைக் கேட்காமல் தொட முடியாத விவகாரமாகலாம்.

விதியைத் தளர்த்தினால் என்ன ஆகும் என்பதற்கும் அண்மைக்கால உதாரணம் இருக்கிறது. 2020 அக்டோபர் 24 அன்று கேரள வருவாய்த் துறை, பட்டா நிலத்தில் விவசாயிகள் நட்ட மரங்களையும் தானே முளைத்த மரங்களையும் சந்தனம் தவிர வெட்டிக்கொள்ளலாம் என்று உத்தரவு போட்டது. விவசாயிக்கு நல்லது என்று சொல்லப்பட்ட அந்த உத்தரவின் மறைவில் வயநாட்டின் முட்டில் பகுதியில் பெரும் ஈட்டி மரங்கள் சாய்ந்தன. இடுக்கியிலும் வெட்டு நடந்தது. 2021 பிப்ரவரி 2 அன்று உத்தரவு திரும்பப் பெறப்பட்டது. முட்டிலில் வெட்டப்பட்ட சில ஈட்டிகளுக்கு ஐந்நூறு வயதுக்கு மேல் என்று பிற்பாடு நடந்த சோதனையில் தெரிந்தது. நட்ட மரங்கள் என்று யாரும் சொல்ல முடியாத வயது.

அறுப்புக்கும் தனிச் சட்டம் உண்டு. நீலகிரி மாவட்டம் கூடலூர்ப் பகுதியில் காடு அழிவதைக் கண்டு கோதவர்மன் திருமுல்பாடு 1995இல் உச்ச நீதிமன்றத்துக்குப் போனார். அதில் 1996 டிசம்பர் 12 அன்று வந்த உத்தரவு நாடு முழுக்கக் காட்டில் இயங்கிய மர மில்களை நிறுத்தியது. 2002 அக்டோபரில், முன் அனுமதியின்றிப் புதிய மில் திறக்கக்கூடாது என்றது நீதிமன்றம். கேரளத்துக்கு 2012இல் தனி விதிகள் வந்தன. 2016இல் மத்திய அரசு வெளியிட்ட வழிகாட்டு நெறிகள் மர மில்லை ‘நிலையான கட்டமைப்பில் அல்லது அடைப்பில்’ உள்ள இயந்திரம் என்கின்றன. தோளில் தூக்கிப் போகும் செயின் சா மில் இதில் எங்கே அடங்கும்? சொந்த மரத்தைச் சொந்த உபயோகத்துக்கு அறுப்பது ஒன்று. ஊர் மரத்தைக் கூலிக்கு அறுப்பது வேறொன்று. கோட்ட வன அலுவலகத்தில் எழுத்து மூலம் கேட்டுவிடுவதே பாதுகாப்பு. அறுத்த பலகை வாளையாறையோ கம்பம்மெட்டையோ தாண்டுவதானால் போக்குவரத்து அனுமதிச் சீட்டு பற்றியும் முதலிலேயே விசாரிக்க வேண்டும்.

கெடுபிடி விவசாயிக்கு எரிச்சல் தருவது இயல்பு. தான் நட்ட மரத்துக்கு ஆபீஸ் ஆபீஸாக அலைய நேர்ந்தால் அடுத்த கன்றை நடும் ஆசையே போய்விடும். ஆனால் சத்தத்தைப் பொருட்படுத்தாமல் எங்கும் அறுக்கலாம் என்றாகிவிட்டால், வண்டியில் தண்டைக் கண்டு பிடிக்கும் காவலுக்கு வேலை இருக்காது. காட்டுக்குள்ளேயே பலகையாகிவிடும். இரண்டு பயமும் நியாயமானவை.

காதும் கையும்

அனுமதி கிடைத்தாலும் அவசரம் கூடாது. செயின் சாவின் சத்தம் 100 டெசிபலைத் தாண்டும். காதுறை இல்லாமல் ஒரு நாள் அறுத்தால் இரவெல்லாம் காதில் இரைச்சல் இருக்கும். வருஷக் கணக்கில் அறுத்தால் செவிடாகலாம். அதிர்வு விரல்களின் ரத்த ஓட்டத்தைக் கெடுத்து விரலை வெளுத்து மரத்துப்போகச் செய்யும். பலகை அறுப்பவர் குனிந்தபடி மணிக்கணக்கில் எஞ்சினுக்குப் பக்கத்திலேயே இருப்பதால் புகையும் தூளும் நேரே மூக்கில் ஏறும். காற்றுக்கு முதுகைக் காட்டி நிற்க வேண்டும். ஹெல்மெட், கண்ணாடி, வாள் பட்டால் நாரால் சங்கிலியைச் சிக்க வைக்கும் காலுறை இவற்றை நம் ஊரில் லுங்கியும் ரப்பர் செருப்பும் ஈடு செய்கின்றன. செய்யக்கூடாது.

வீட்டு மரத்துக்கென்று தனி ஆபத்தும் உண்டு. துணிக்கொடி கட்டிய ஆணி, வேலிக் கம்பி, போர்டு மாட்டிய கொக்கி எல்லாவற்றையும் மரம் வருஷக்கணக்கில் விழுங்கி வைத்திருக்கும். மில்காரர்கள் வீட்டு மரம் என்றாலே முகம் சுளிப்பது அதனால்தான். தண்டில் நீலக்கறுப்புக் கறை கண்டால் உள்ளே இரும்பு இருக்கிறது என்று அர்த்தம்.

அறுத்து முடித்தால் பாதி வேலைதான் முடிந்தது. பச்சைப் பலகையைச் சுவரில் சாய்த்து வைத்தால் வில்லாக வளையும். நிழலில், தரைக்கு ஓரடி மேலே, ஒன்றரை இரண்டடிக்கு ஒரு ரீப்பர் வைத்து அடுக்கி மேலே கல் ஏற்ற வேண்டும். பலகையின் இரு முனைகளிலும் மெழுகோ பெயிண்டோ பூச வேண்டும். இதில் இரு மாவட்டமும் இரு துருவம். கணவாய்க் காற்று வீசும் பாலக்காட்டில் பலகை வேகமாகக் காய்ந்து முனை வெடிக்கும். மூடுபனி இறங்கும் இடுக்கியில் காயாமல் பூசணம் பிடிக்கும். அங்கே காற்றைத் தடுக்க வேண்டும், இங்கே விட வேண்டும். ஓரங்குலத்துக்கு ஒரு வருஷம் என்பது குளிர்நாட்டுக் கணக்கு. நம் வெயிலுக்கு அவ்வளவு வேண்டாம். ஒரு பலகையை வாரா வாரம் தராசில் நிறுத்து, எடை குறைவது நின்றால் காய்ந்தது என்று கொள்ளலாம்.

பலாவின் மஞ்சள் வைரத்தைப் பூச்சி அவ்வளவாகத் தொடாது. மாவும் ரப்பரும், எந்த மரத்தின் வெள்ளைப் பகுதியும் அப்படியல்ல. அறுத்த கையோடு போராக்ஸ், போரிக் அமிலக் கரைசலில் ஊற வைக்க வேண்டும். ஒரு காலத்தில் விறகுக்கே போன ரப்பர் மரம் நாற்காலியானது இந்தப் பக்குவத்தால்தான். 1975 முதல் இயங்கும் பீச்சி வன ஆராய்ச்சி நிலையம் விவரம் கேட்பவருக்கு நல்ல இடம்.

எட்டடிப் பலாவிலிருந்து கிடைக்கும் பலகை ஒருவரைப் பணக்காரராக்கிவிடாது. ஆனால் தாத்தா நட்ட மரம் பேரன் வீட்டுக் கதவாவதற்கும், அடிமாட்டு விலைக்கு லாரி ஏறுவதற்கும் வித்தியாசம் உண்டு. சாய்ந்த மரத்தைச் சுற்றி நிற்பவர் முதலில் தேட வேண்டியது செயின் சாவை அல்ல, பெட்டியில் இருக்கும் பட்டாவை. அதில் என்ன எழுதியிருக்கிறது என்று பார்த்துவிட்டு எஞ்சினைத் தட்டினால், மழைக்காலம் முடிவதற்குள் பலகை அடுக்கில் ஏறிவிடும்.